மேல் வரிசை எ. ஜோன்ஸ்

மேல் வரிசை, நான்ட்கெலின்
14 அக்டோபர் 1979

அன்புள்ள தம்பி இட்வால்,

நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் டோரீனும் எப்படி இருக்கிறீர்கள்? செஸ்டர் நகரத்துப் புகை உன் நெஞ்சுக்கு ஆகாது, இருமல் மருந்தை நிறுத்திவிடாதே.

என் டிவி லைசென்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை. பணம் கட்டத்தான் தபால் நிலைய வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், "ஒரு ஸ்டாம்ப் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காரணத்தை உனக்குச் சொல்லத் தேவையில்லை. புதிதாக வரும் நாலாவது சேனலை வெல்ஷ் மொழிக்கே தருவோம் என்று தேர்தலுக்கு முன் வாக்குக் கொடுத்தார்கள். போன மாதம் கைவிரித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நான் சமைத்துப் போடும் பிள்ளைகள் சாப்பாட்டு வரிசையில் ஆங்கில கார்ட்டூன் பேச்சில்தான் சண்டை போடுகிறார்கள். திட்டுவதற்குக்கூட நம் வார்த்தை அவர்கள் வாயில் வருவதில்லை. நம் மொழியில் பேசாத பெட்டிக்கு நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

நேற்று சேப்பல் கூடத்தில் கூட்டம் நடந்தது. லைசென்ஸ் கட்ட மாட்டோம் என்று பதினொரு வீட்டார் கை தூக்கினார்கள். எய்ர்வென் ஜோன்ஸ் எனக்கு முன்னால் தூக்கினாள். சிப்ஸ் கடை எய்ர்வெனைத்தான் சொல்கிறேன், நம் வரிசையில் நாலாம் வீடு. எதிலும் முந்திக்கொள்வது அவள் வழக்கம். பாடகர் குழுவில் தனிப்பாட்டையும் அப்படித்தான் என்னிடமிருந்து தட்டிக்கொண்டு போனாள்.

லைசென்ஸ் இல்லாத வீடுகளைத் தேடிப் பிடிப்பதுதான் உன் உத்தியோகம் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நான் கை தூக்கியபோது எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

டோரீனுக்கு என் அன்பு.

உன் அக்கா
எலுனெட்


செஸ்டர்
21 அக்டோபர் 1979

அன்புள்ள அக்கா,

இருவரும் சுகம். இருமல் குறைந்திருக்கிறது. உன் முழங்காலுக்குக் கம்பளிப் பட்டி ஒன்று டோரீன் பின்னுகிறாள், அடுத்த வாரம் வரும்.

லைசென்ஸைக் கட்டிவிடு. உன் கட்சி தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டம் உன் மனதைக் கேட்காது. வீட்டில் பெட்டி இருந்தால் லைசென்ஸ் வேண்டும், அதில் என்ன மொழி பேசுகிறது என்று படிவத்தில் கேள்வியே கிடையாது. முதலில் நினைவூட்டல் வரும், பிறகு ஆள் வருவான், பிறகு நீதிமன்றம், அபராதம். அபராதத்தையும் கட்டாவிட்டால் சிறை. இருபது வருடமாக இந்தப் படிக்கட்டில் எத்தனை பேரை ஏற்றிவிட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். உன் முழங்காலோடு சிறைக் கட்டிலில் உன்னை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

என் சொந்தப் பள்ளத்தாக்குக்கு என்னை அனுப்பக் கூடாது என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் உன் கதவை நான் தட்ட மாட்டேன். வழக்குப் பட்டியல்கள் என் மேசை வழியாகத்தான் போகும், உண்மைதான். நான் எண்களைத்தான் பார்ப்பேன், பெயர்களைப் பார்ப்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
இட்வால்


மேல் வரிசை, நான்ட்கெலின்
2 டிசம்பர் 1979

அன்புள்ள இட்வால்,

பட்டி வந்தது. டோரீனிடம் சொல், முழங்கால் இப்போது என்னைவிட நன்றாக உடுத்தியிருக்கிறது. பனி ஆரம்பித்துவிட்டது, நான் நலம்.

உங்கள் ஆள் வியாழக்கிழமை வந்தான். கூரையில் கம்பி வைத்த மோப்ப வண்டி பாலத்தில் ஏறும்போதே கீழ்த்தெருவிலிருந்து செய்தி வந்துவிட்டது. இதற்கு முன்பெல்லாம் அந்த வண்டி வந்தால் ஊரே விளக்கை அணைத்துப் பெட்டியின் மேல் போர்வையைப் போடும். இந்த முறை நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலில் தெருவைப் பார்க்க வைத்தேன். சத்தத்தையும் கூட்டி வைத்தேன். முழங்கால் அழுதது, அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

மீசை முளைக்காத ஒரு பையன், கையில் அட்டை, பேனா. அவன் ஆங்கிலத்தில் கேட்டான், நான் வெல்ஷில் பதில் சொன்னேன்.

"வீட்ல டிவி இருக்குங்களா?"

"கண்ணு முன்னால ஓடிட்டிருக்கே தம்பி. இதுக்குப் போயி வண்டி மேல எதுக்கு அவ்வளவு கம்பி?"

"லைசென்ஸ்?"

"இல்ல. வாங்கவும் மாட்டேன். எழுதிக்கோ."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரிங்க, பேசமாட்டேங்கிறாங்கன்னு எழுதிக்கிறேன்" என்று முணுமுணுத்தான். நான் பேசியதையெல்லாம் பேசவில்லை என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறான், உன் அலுவலகத்துப் பையன். போகும்போது பழ ரொட்டி ஒரு துண்டு கொடுத்தேன். குளிரில் நடுங்கினான் பாவம்.

பதினொரு வீட்டுக்கும் போயிருக்கிறான். எய்ர்வென் அவனைக் கடையில் வரிசையில் நிற்க வைத்து, எல்லோருக்கும் சிப்ஸ் கொடுத்த பிறகுதான் பதில் சொன்னாளாம். அவளை எனக்குப் பிடிக்காது, ஆனால் அது நன்றாகத்தான் இருந்திருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு வருவாய்தானே? உன் கட்டிலுக்கு வெந்நீர்ப் பை போட்டு வைப்பேன்.

அக்கா
எலுனெட்


மேல் வரிசை, நான்ட்கெலின்
2 மார்ச் 1980

அன்புள்ள இட்வால்,

நலமா? கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை, வாழ்த்து அட்டைதான் வந்தது. அதில் டோரீன் கையெழுத்து மட்டும் இருந்தது. உனக்குக் காய்ச்சலோ என்று நினைத்தேன். இங்கே எனக்குச் சளி பிடித்துப் போய்விட்டது, இப்போது தேவலாம்.

வியாழக்கிழமை பதினொரு பேரும் நீதிமன்றத்தில் நின்றோம். நடு நாற்காலியில் கௌரவ நீதிபதியாக நம் விதைக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அன்று காலை பேருந்து நிறுத்தத்தில், "என்ன எலுனெட், முழங்கால் எப்படி இருக்கு?" என்று வெல்ஷில் விசாரித்த அதே மனிதர், நாற்காலியில் ஏறியதும் ஆங்கிலத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்றார்.

"காலையில பேசின பாஷையிலயே கேளுங்க, பதில் சொல்றேன்" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. கீழே குனிந்து காகிதத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. அதனால் நான் பதில் சொல்லவில்லை.

எய்ர்வெனை அபராதம் கட்டுவீர்களா என்று கேட்டார்கள். "கட்டமாட்டேன். ஜெயில்ல போடுங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்ல" என்றாள். காவலர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். நான் வீட்டில் பத்து முறை ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு அதற்குப் பிறகு எடுபடவில்லை. வயிற்றெரிச்சல்தான், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

எல்லோருக்கும் அபராதம் விதித்தார்கள். தவணைக்குள் கட்டாவிட்டால் சிறை. யாரும் கட்டப் போவதில்லை என்று வெளியே படிக்கட்டில் நின்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தோம். எனக்காக யாராவது கட்டினாலும் அது நானே கட்டிய மாதிரிதான், ஊர் முகத்தில் நான் விழிக்க முடியாது. இதை உனக்காகத்தான் எழுதுகிறேன்.

பதில் போடு.

அக்கா


செஸ்டர்
10 மார்ச் 1980

நீதிமன்ற எழுத்தர் அவர்களுக்கு,

ஐயா,

நான்ட்கெலின், மேல் வரிசையில் வசிக்கும் திருமதி எ. ஜோன்ஸ் அவர்களுக்குக் கடந்த மாதம் 28ஆம் தேதி விதிக்கப்பட்ட அபராதத் தொகை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. முழுத் தொகையும் உள்ளது. அனுப்பியவர் யார் என்று அவருக்கோ வேறு எவருக்குமோ தெரிவிக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் உடல்நலம் சிறைக்கு ஏற்றதல்ல.

இப்படிக்கு,
நலம் விரும்பும் ஒருவர்


மேல் வரிசை, நான்ட்கெலின்
6 ஏப்ரல் 1980, ஈஸ்டர் ஞாயிறு

அன்புள்ள தம்பி,

ஈஸ்டர் வாழ்த்துகள். நீயும் டோரீனும் நலமாக இருக்க வேண்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, சந்தோஷத்தில் முழங்கால் வலிகூட மறந்துபோயிற்று.

எய்ர்வெனின் சாயம் வெளுத்துவிட்டது. அபராதத்தைக் கமுக்கமாகக் கட்டிவிட்டாள்.

நீதிமன்றத்திலிருந்து ரசீது வந்திருக்கிறது. அதை மறைக்காமல் அவளே புதன்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். மேசையில் வைத்து, "இது நான் கட்டினது இல்ல. யார் கட்டினாங்கன்னு தெரியல. உங்கள்ல யாராவது கட்டியிருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றாள்.

நான்தான் எழுந்தேன். "தேவதை வந்து கட்டிட்டுப் போச்சா எய்ர்வென்? சிப்ஸ் பொட்டலம் கட்டற கை, பணத்தையும் கட்டிடுச்சுன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். என்னை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சொல்லாமல் போகிறவள் இல்லை அவள், அதிலிருந்தே தெரியவில்லையா?

மற்ற பத்துப் பேருக்கும் சிறைதான். மே கடைசியிலோ ஜூனிலோ போலீஸ்காரர்கள் வந்து அழைத்துப் போவார்களாம். நான் பை கட்டி வைத்துவிட்டேன்.

உனக்கு என் மேல் கோபமா? அக்டோபருக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்க்கவில்லை.

அக்கா
எலுனெட்


செஸ்டர்
20 ஏப்ரல் 1980

அன்புள்ள அக்கா,

நலம். நலமறிய ஆவல். இங்கே ஓயாத மழை.

உனக்கு நீதிமன்றத்திலிருந்து எந்தத் தாளும் வரவில்லையா? சரியாகத் தேடிப் பார். எய்ர்வென் விஷயத்தில் அவசரப்படாதீர்கள்.

இட்வால்


மேல் வரிசை, நான்ட்கெலின்
4 மே 1980

அன்புள்ள இட்வால்,

உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையாகவே கேட்கிறேன். நீ இவ்வளவு சின்னக் கடிதம் எழுதியது அப்பா இறந்தபோது மட்டும்தான்.

எனக்கு எந்தத் தாளும் வரவில்லை. எனக்கு ஏன் வர வேண்டும்?

இங்கே நடந்ததை எழுதுகிறேன், நீயே முடிவு செய்துகொள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எய்ர்வென் கடை வாசலில் வரிசை தெருமுனை வரைக்கும் நிற்குமே, இப்போது ஈ காக்கை இல்லை. ஆட்கள் பேருந்து ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய் ஆறிப்போன சிப்ஸ் வாங்கி வருகிறார்கள். பாடகர் குழுவிலிருந்து அவளை நீக்கி ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. முதல் கையெழுத்து என்னுடையது. கடைக் கதவில் யாரோ லைசென்ஸ் மாதிரி ஒரு தாள் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அவள் அதைக் கிழிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறாள்.

நேற்று முன்தினம் அந்தப் பக்கம் போனேன். யாரும் இல்லாத கடையில் அடுப்பைப் பற்றவைத்து, எண்ணெய் காய்ச்சி, மீனையும் கிழங்கையும் பொரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறரை மணி வரை அப்படியே நின்றாள். நான் எதிர்ச் சாரியில் போய்விட்டேன். அதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. பொய் சொல்கிற ஆள் எதற்கு அப்படி நிற்க வேண்டும்?

உன் நாலு வரியை எத்தனையோ முறை படித்துவிட்டேன். அவசரப்பட வேண்டாம் என்று உனக்கு எப்படித் தெரியும்? முழுசாக எழுது.

அக்கா


செஸ்டர்
11 மே 1980

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

எய்ர்வென் கட்டவில்லை. நான் கட்டினேன். உனக்காகக் கட்டினேன். "மேல் வரிசை, திருமதி எ. ஜோன்ஸ்" என்று எழுதிப் பணத்தை உறையில் வைத்து அனுப்பினேன். வீட்டு எண் போட எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருடமாக உனக்கு எண் போடாமல்தான் கடிதம் எழுதுகிறேன், தபால்காரருக்கு நம் எல்லோரையும் தெரியும், எல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது. பகல் முழுக்க வீட்டு எண்களோடு பிழைப்பு நடத்துகிறவன் நான். ஊருக்கு எழுதும்போது மட்டும் நான்ட்கெலின்காரனாக எழுதித் தொலைத்தேன். எழுத்தருக்கு நீயும் அவளுமாக இரண்டு எ. ஜோன்ஸ், ஒரே வரிசை, ஒரே தேதி, ஒரே தொகை. உன் வீட்டுப் பதினேழுக்கு முன்னால் அவள் வீட்டு நாலு வந்திருக்கிறது, அதில் வரவு வைத்துவிட்டார்.

நீ வேண்டாம் என்று எழுதிய பிறகும் ஏன் கட்டினேன் என்று கேட்பாய். அதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் நான்ட்கெலின் பட்டியல் என் மேசைக்கு வந்தது. எண்களைத்தான் பார்ப்பேன் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? பெயரைப் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உன் பெயருக்கு எதிரே முத்திரை குத்தி நீதிமன்றத்துக்கு அனுப்பியது நான்தான். வேறு ஒருவரிடம் தள்ளிவிட்டிருக்கலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும், நீ என் அக்கா என்று அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அன்றிலிருந்து உனக்கு எழுதப் பேனா எடுத்தால் கை வரவில்லை. பணம் கட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

போன வாரம் திரும்பவும் உன் பெயருக்குக் கட்டலாம் என்று தபால் நிலையம் வரை போனேன். கட்டாமல் திரும்பிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

இட்வால்


மேல் வரிசை, நான்ட்கெலின்
15 மே 1980

இட்வால்,

உன் கடிதம் வந்த அன்று உனக்கு எழுதியிருந்தால் அந்தத் தாளை நீ வாழ்நாள் முழுக்க மறந்திருக்க மாட்டாய். அதனால் மூன்று நாள் பொறுத்தேன். நான் நலமாகத்தான் இருக்கிறேன், கேட்பாய் என்பதால் சொல்கிறேன்.

முத்திரை குத்தியதை மன்னித்துவிடுவேன். அது உன் வேலை, பயந்தவன் வேலையைத்தான் செய்வான். அக்கா சிறைக்குப் போகக் கூடாது என்று காசு கட்டினாயே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. என் வாக்குக்கு விலை போட்டிருக்கிறாய். அது தப்பிப் போய் இன்னொருத்தி தலையில் விழுந்தது. அவளை முதலில் எட்டி உதைத்தது நான்.

நேற்றுக் கூட்டத்தில் உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். முத்திரை விஷயத்தையும் விடவில்லை. பிறகு எல்லோருமாக எய்ர்வென் கடைக்குப் போனோம். கதவில் ஒட்டியிருந்த தாளை நானே கிழித்தேன். "நான் உன்ன அவமானப்படுத்திட்டேன் எய்ர்வென். எல்லாருக்கும் முன்னால பண்ணினேன், அதனால எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கறேன்" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "மன்னிப்பை அப்புறம் பாத்துக்கலாம். உன் தம்பி அட்ரஸக் குடு" என்றாள். "வீட்டு நம்பரோட குடு."

கொடுத்துவிட்டேன். அவள் என்ன எழுதினாலும் நீ கேட்க வேண்டும். அது வரைக்கும் எனக்கு எழுதாதே.

எலுனெட்


4, மேல் வரிசை, நான்ட்கெலின்
26 மே 1980

திரு. இட்வால் ஓவன் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களைக் கால்சட்டை போடாத வயதிலிருந்து எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவின் கொட்டகைக் கூரையில் ஏறி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு, தள்ளிவிட்டது ஆடு என்று சொன்ன ஆள் நீங்கள். அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆறு வாரம் என் கடை காலியாகக் கிடந்தது. அது போகட்டும். நான் ஒரு காரியத்துக்குத் துணிந்து நின்றேன், அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள். நீதிமன்ற எழுத்தரிடம் போய், அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், என்னைச் சிறைக்கு அனுப்புங்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அம்மா, இருபத்தாறு வருஷத்துல இப்படி யாரும் வந்து கேட்டதில்ல" என்றார். கட்டியது கட்டியதுதானாம். உங்கள் அக்கா போவாள், மற்ற ஒன்பது பேரும் போவார்கள். நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்து எல்லோர் பூனைக்கும் பால் ஊற்ற வேண்டும்.

ஆனால் நீங்கள் கட்டியது பழைய குற்றத்துக்கான அபராதம். நான் இன்னும் லைசென்ஸ் வாங்கவில்லை. பெட்டி கடைக்குப் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. புதிதாக என்னைப் பிடிக்கலாம் என்று சட்டம் சொல்கிறதா இல்லையா? உங்களுக்குத் தெரியும்.

ஆகவே நீங்கள் வந்து என்னைப் பிடிக்க வேண்டும். வேறு ஆளை அனுப்பக் கூடாது. சொந்தப் பள்ளத்தாக்குக்கு வர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அலுவலகக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மதியம், கடை வாசலில் கூட்டம் இருக்கும்போது வாருங்கள். இப்போது திரும்பவும் வரிசை நிற்கிறது. கேள்வியை வெல்ஷில் கேட்க வேண்டும். நான் சொல்லும் பதிலைப் படிவத்தில் வெல்ஷிலேயே எழுத வேண்டும். கீழே உங்கள் முழுப் பெயரைப் போட வேண்டும். நலம் விரும்பும் ஒருவர் என்று போடக் கூடாது.

அந்தப் படிவத்தை உங்கள் அலுவலகம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அது உங்கள் பாடு.

தேநீர் கிடைக்காது.

எய்ர்வென் ஜோன்ஸ்


செஸ்டர்
22 ஜூன் 1980

அன்புள்ள அக்கா,

சிறையில் உனக்குக் கம்பளிப் பட்டியை அனுமதித்தார்களா? தூக்கம் வருகிறதா? போலீஸ்காரர் உன் பையைத் தூக்கிக்கொண்டு உனக்குப் பின்னால் நடந்து வந்தார் என்று ஊரில் பெருமையாகச் சொன்னார்கள். நானும் டோரீனும் நலம். எழுதாதே என்று சொல்லியிருந்தாய். எய்ர்வென் சொன்னதைச் செய்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

உன்னை அழைத்துப் போன நாலாம் நாள், சனிக்கிழமை மதியம் போனேன். மோப்ப வண்டி எடுக்கவில்லை, பேருந்தில்தான் போனேன். அலுவலகக் கோட்டோடு பாலத்தில் இறங்கியதும் வழி முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடை வாசலில் வரிசை தெருமுனை தாண்டி நின்றது. நான் நேரே கதவுக்குப் போனேன். பின்னால் யாரோ, "ஏய், வரிசையில வா" என்றார்கள். போய்க் கடைசியில் நின்றேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, மழை வேறு. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் குடையை என் பக்கம் சாய்க்கவே இல்லை.

என் முறை வந்தது. படிவத்தை எடுத்தேன்.

"திருமதி ஜோன்ஸ், உங்க வீட்ல டிவி இருக்கா?"

"இருக்கு."

"லைசென்ஸ் இருக்கா?"

"இல்ல. நம்ம பாஷைக்கு ஒரு சேனல் வர்ற வரைக்கும் வாங்கவும் மாட்டேன். அபராதம் போட்டா கட்டமாட்டேன். எனக்காக எவன் கட்டினாலும் அவன் வீட்டு வாசல்ல வந்து நின்னு பாடுவேன். எல்லாத்தையும் எழுது."

எல்லாவற்றையும் எழுதினேன், பாடுவேன் என்றதையும் விடவில்லை. இந்தப் படிவத்தை இருபது வருடமாக நிரப்புகிறேன், அக்கா. ஒருவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதியது இதுதான் முதல் தடவை. முழுப் பெயரைப் போட்டேன், வீட்டு எண்ணோடு. அவள் வாங்கி இரண்டு முறை படித்தாள். "சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நான் படியில் இறங்கும்போது பின்னாலேயே வந்து ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள். "தேநீர்தான் கிடையாதுன்னு சொன்னேன்" என்றாள். பேருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அழுகை வந்தது, சொல்ல வெட்கமில்லை.

திங்கள்கிழமை மேலாளர் ஹாலம் படிவத்தைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "இத யார் படிக்கிறது? இங்கிலீஷ்ல திருப்பி எழுதிக் குடுத்துடு, ரெண்டு பேரும் மறந்துடலாம்" என்றார்.

"அவங்க சொன்னது இதான் சார். இங்கிலீஷ்ல அவங்க ஒண்ணும் சொல்லல."

"உனக்கு இங்கிலீஷ் தெரியும்தானே?"

"தெரியும். படிவத்துக்குத் தெரியாதது என் தப்பில்ல. மொழிபெயர்க்க ஆள் வைங்க. எய்ர்வெனுக்குச் சம்மன் போய்ச் சேரணும், அது அவங்க உரிமை. நான்ட்கெலின் பட்டியல்ல முத்திரை குத்தினவன் நான்தான், அதுல ஒருத்தர் என் சொந்த அக்கா. அதையும் குறிச்சுக்குங்க."

ஹாலம் படிவத்தை மொழிபெயர்க்க அனுப்பிவிட்டார், என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். விசாரணை வைப்பார்களாம். கோட்டையும் முத்திரையையும் வாங்கிக்கொண்டார்கள். டோரீனிடம் சொன்னேன். அவளுக்கு நம் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது, உனக்கே தெரியும். கேட்டுவிட்டு எழுந்துபோய், இந்த மாதம் புதுப்பிக்க வேண்டிய எங்கள் லைசென்ஸ் தாளை அலமாரியிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். "இத நாம கட்டப் போறதில்லதானே?" என்று கேட்டாள். கட்டவில்லை. இனி என் பழைய அலுவலகத்துப் பையன் எங்கள் கதவைத் தட்டுவான்.

இந்தக் கடிதம் உனக்கு எப்போது வரும் என்று சிறைக்குத் தொலைபேசியில் கேட்டேன். ஆங்கிலத்தில் எழுதினால் செவ்வாய்க்கிழமையே கையில் கொடுத்துவிடுவார்களாம். வேறு மொழி என்றால் படித்துப் பார்க்க ஆள் வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். உன் தண்டனை அதற்குள் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிவிடுங்களேன், அவங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அந்தப் பெண் நல்ல மனதோடுதான் சொன்னாள்.

இரண்டு வாரம் ஆகட்டும் அக்கா. படிக்க ஆள் தேடட்டும்.

உன் தம்பி
இட்வால்